காணாமல் போக வேண்டியவர்

அன்று காலை படகுத்துறையில் இருந்தவர்கள்:

ஆணையர், பெரிய குடையின் நிழலில். துணை ஆணையர், ஆணையருடைய நிழலில். ஒலிபெருக்கிக்காரர். மீட்புப் படகின் படகோட்டி. எல்லைக் கோபுரத்துக் காவலர், கழுத்தில் தொலைநோக்கியோடு. இறந்தவர்கள் சார்பில் தையல்காரரும் தலைமையாசிரியையும். காயம்பட்டவர்கள் சார்பில் மளிகைக்கடைக்காரர். அவருக்கு நிஜத்தில் வலது கால் ஊனம், ஒத்திகைக்கு இடது காலில் கட்டுப் போட்டுவிட்டதால் நிற்க வழியில்லாமல் ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தார். காணாமல் போனவர்கள் சார்பில் மெக்கானிக். காணாமல் போனவரின் குடும்பத்தார் சார்பில் மெக்கானிக்கின் மனைவி.

வராதவர்: மெக்கானிக்கின் மச்சினன். அவனை யாரும் கூப்பிட்டிருக்கவும் இல்லை.

ஊர் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பேருந்து வந்து மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பிப் போகும் இடம். அதற்கு அப்பால் சேறு, சேற்றில் கால் ஊன்றிய அலையாத்தி மரங்கள், ஆறு கடலில் விழும் இடம், பிறகு இன்னொரு நாடு. கடலில் எல்லை எங்கே என்று தெரிவதற்காக மஞ்சள் மிதவைகளைக் கட்டி விட்டிருந்தார்கள். வெயிலும் உப்புக் காற்றும் சேர்ந்து ஊரில் எல்லாவற்றையும் அரித்தன: ஆணி, கூரைத் தகடு, கதவுக் கீல், மனிதர்களின் பொறுமை. அதனால் மெக்கானிக்குக்கு வேலை இல்லாத நாள் கிடையாது.

பல வருடங்களுக்கு முன் ஒரு பெரிய அலை வந்தது. அப்போது யாரும் ஆயத்தமாக இல்லை. ஆகவே பேரிடர் ஆயத்த நிலையம் ஒன்றைக் கட்டினார்கள். அலை அப்புறம் வரவில்லை. நிலையம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. முதலில் ஒரு அறை, பிறகு அதற்கு மாடி, மாடிக்கு ஒரு கொடிக்கம்பம், ஆணையருக்கு ஒரு துணை, துணைக்கு ஒரு சுழல் நாற்காலி. வாசலில் பலகை: ‘இந்நிலையம் தேடிய எவரும் இதுவரை கிடைக்காமல் போனதில்லை.’

அது பொய்யில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடக்கும். ஊர்க்காரர்களுக்குப் பாத்திரங்கள் கொடுப்பார்கள். போன வருடம் மெக்கானிக் பிணம். உச்சி வெயிலில் மணலில் மல்லாந்து கிடந்தபோது ஒரு நாய் வந்து முகத்தை நக்கியது. பிணம் நெளியக் கூடாது என்று ஒலிபெருக்கியில் கண்டித்தார்கள். நாயை யாரும் கண்டிக்கவில்லை. இந்த வருடம் கெஞ்சிக் கூத்தாடி, காணாமல் போனவர் பாத்திரத்தை வாங்கியிருந்தார். சொகுசான பாத்திரம் அது. மணல்திட்டு முனையில் இருக்கும் பழைய உப்புக் கிடங்கில், நிழலில், சாப்பாட்டுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தால் போதும். மீட்புப் படகு கடல்வழியாக வந்து கண்டுபிடிக்கும். காணாமல் போகிற எல்லோரும் வருடா வருடம் அந்தக் கிடங்கில்தான் காணாமல் போவார்கள்.

ஆனால் முந்தின நாள் சாயங்காலம் நண்டுக் கூண்டு போடப் போன மச்சினன் விடிந்தும் திரும்பவில்லை.

ஊரில் அவனுக்கு நண்டு என்றே பெயர். நண்டு பிடிப்பதால் வந்த பெயர் என்பாள் மனைவி. எந்த வேலைக்கும் நேராகப் போகாதவன் என்பதால் வந்த பெயர் என்பார் மெக்கானிக். மீசை முளைத்து வருடங்கள் ஆகியும் அக்கா வீட்டில் தின்று, அக்கா வீட்டில் தூங்கி, மாமாவின் செருப்பை மாட்டிக்கொண்டு திரிபவன். மெக்கானிக்குக்கு அவனைக் கண்டால் ஆகாது. ஆனால் அம்மா போனபிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் மனைவி. அவளுக்கு அவன் பாதி தம்பி, பாதி பிள்ளை.

மற்ற படகுகளெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. ஒத்திகை நாளில் கடல் மூடப்பட்டிருக்கும். கடலில் இறங்க உரிமையுள்ளது மீட்புப் படகு ஒன்றுதான். அதனால் மனைவி நேராக ஆணையரின் குடைக்குள் போய் நின்றாள். மெக்கானிக் பின்னால் நின்றார்.

“ஐயா, என் தம்பி நேத்துப் போனவன் இன்னும் வரலைங்க. இன்ஜின் நின்னு போயிருக்கும். காத்து கரையிலேருந்து அடிக்குது, நேரா மிதவைப் பக்கம்தான் தள்ளிட்டுப் போகும். அதைத் தாண்டிட்டான்னா பிடிச்சு வெச்சுக்குவாங்க. தாண்டலைன்னா தண்ணி இல்லாமச் செத்துருவான். படகை இப்பவே அனுப்புங்க.”

ஆணையர் கனிவானவர். கனிவுக்காகவே பதவி உயர்வு பெற்றவர். “உங்க கஷ்டம் புரியுதும்மா. உங்க தம்பி இப்ப எங்க இருக்காருன்னு தெரியுமா?”

“தெரியாதுங்க. அதனாலதானே தேடச் சொல்றேன்.”

“அங்கதான் சிக்கல். எங்க இருக்காங்கன்னு தெரியாதவங்களைத் தேடற வழக்கம் இந்த நிலையத்துக்கு இல்லை. தேடினா, கிடைக்காமப் போக வாய்ப்பு இருக்கு. கிடைக்கலைன்னா அந்தப் பலகை என்ன ஆகும்? பலகை போனா மக்களோட நம்பிக்கை போச்சு. நம்பிக்கை போன ஊர்ல நாளைக்கு அலை வந்தா எத்தனை உயிர் போகும்னு யோசிச்சுப் பாருங்க. உங்க தம்பி ஒரு உயிர். நான் அத்தனை உயிரையும் பார்க்கணும் இல்லையா?”

“அத்தனை உயிர்,” என்றார் துணை ஆணையர், ஒவ்வொன்றாக எடை போட்டவர்போல.

“மத்த படகுங்களையாவது அவிழ்த்து விடுங்க ஐயா,” என்றார் மெக்கானிக்.

“எப்படிப்பா விடறது? பெரிய அலை வந்துட்டிருக்கே.”

எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். அது தட்டில் ஊற்றிய எண்ணெய்போலக் கிடந்தது.

“ஒத்திகை எப்ப முடியும்?” என்றார் மெக்கானிக்.

“காணாமல் போனவர் கிடைச்சதும் முடியும். அதாவது, நீ கிடைச்சதும். அப்புறம் உன் மச்சினன் விஷயத்தைப் பேசலாம்.”

மனைவி மெக்கானிக்கின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். “அப்புறம் என்னங்க இங்க மரம் மாதிரி நின்னுட்டு இருக்கீங்க? போய்ச் சீக்கிரம் தொலைங்க.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் பலமுறை சொன்னதுதான். ஊரார் முன்னிலையில், அரசாங்க அனுமதியோடு சொன்னது அன்றுதான்.

மெக்கானிக் ஓட்டமும் நடையுமாக மணல்திட்டைக் கடந்து கிடங்குக்குள் போய் உட்கார்ந்தார். சுவரெல்லாம் உப்புப் பூத்திருந்தது. முன்பு காணாமல் போனவர்கள் பொழுது போகாமல் ஆணியால் கீறிவைத்த படங்கள் சுவரில் இருந்தன: ஒரு மீன், ஒரு ஃபேன், ஆணையரின் வயிறு. பொட்டலத்தைப் பிரிக்க மனம் வரவில்லை. நிழல் காலடிக்குள் சுருங்கியது. மறுபக்கம் நீள ஆரம்பித்தது. படகு வரவில்லை.

ஜன்னல் வழியாகத் துறையைப் பார்த்தார். படகு கட்டிய இடத்திலேயே நின்றது. அதைச் சுற்றிக் கூட்டம். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை இன்ஜின் இரண்டு இருமல் இருமிவிட்டு அடங்குவது தண்ணீர்மேல் தெளிவாகக் கேட்டது. மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். ஊரிலிருந்த ஒரே மெக்கானிக்கைக் காணாமல் போக்கிவிட்டு, அவரைத் தேடுவதற்கு இன்ஜினைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

முழங்கால் சேற்றோடு அவர் துறைக்குத் திரும்பியபோது, படகோட்டி அவரைப் பார்த்தான். உடனே முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“அண்ணே, நான் உங்களைப் பார்க்கலை.”

“பார்க்காட்டிப் போ. தள்ளு, இன்ஜினைப் பார்க்கிறேன்.”

“சும்மா இருண்ணே. துணை ஐயா இந்தப் பக்கம்தான் பார்க்கிறாரு.”

துணை ஆணையர் வந்தார். மெக்கானிக் நின்ற இடத்தை விட்டுவிட்டு, அதற்கு ஒரு சாண் இடதுபக்கம் பார்த்துப் பேசினார். “படகோட்டி, உன் பக்கத்துல யாராவது நிக்கிறாங்களா?”

“இல்லைங்க.”

“நல்லது. அங்க இல்லாத அந்த ஆள்கிட்டச் சொல்லு, காணாமல் போனவர் இப்படி ஊருக்குள்ள நடமாடினா தேடறவங்களுக்கு மனசு விட்டுப் போகும்னு.”

“சார்,” என்றார் மெக்கானிக், “நான் இங்கதான் இருக்கேன். கிடைச்சுட்டேன்னு மைக்ல சொல்லிடுங்க. அஞ்சு நிமிஷத்துல இன்ஜினைக் கிளப்பித் தர்றேன். மச்சினனைத் தேடப் போகலாம்.”

“படகோட்டி, அந்த ஆள்கிட்டச் சொல்லு. அவர் தொலைஞ்சது கடல்ல. கடல்ல தொலைஞ்சவரைக் கரையில பார்த்தா அதுக்குப் பேர் மீட்பு இல்லை, சந்திப்பு. சந்திக்கிறதுக்கு ஒரு நிலையம் எதுக்கு?”

“அப்ப இன்ஜினை யாரு சரிபண்றது?”

“மெக்கானிக்.”

“மெக்கானிக் எங்க?”

துணை ஆணையர் முதன்முறையாக வருத்தப்பட்டார். “அவரைத்தான்யா காலையிலேருந்து காணோம்.”

ஒலிபெருக்கி அப்போது முழங்கியது: காணாமல் போனவரின் குடும்பத்தாருக்கு நிலையம் தோள்கொடுத்து நிற்கிறது, அனைவரும் ஆறுதல் கூடாரத்துக்கு வந்து பார்வையிடலாம். மெக்கானிக் கூட்டத்தோடு கூட்டமாகப் போனார். யாரும் தடுக்கவில்லை, எல்லோரும் அவரைப் பார்க்காமல் இருப்பதில் கவனமாக இருந்தார்கள். தையல்காரர் மட்டும், தான் இறந்துவிட்டதால் பார்க்கலாம் என்று நினைத்தோ என்னவோ, லேசாகத் தலையசைத்தார்.

கூடாரத்தில் மனைவி ஆரஞ்சு நிறப் போர்வையைப் போர்த்தபடி உட்கார்ந்திருந்தாள். போர்வைக்குள் வியர்த்துக் கொட்டியது. அவள் அழுதுகொண்டிருந்தாள். “அவனுக்குத் தண்ணி தாங்காதே, சின்ன வயசுலயே நாக்கு வறண்டா மயக்கம் போட்டுருவானே,” என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி அழுதாள். ஆணையர் பக்கத்தில் நின்று, போன வருடம் குடும்பத்தார் பாத்திரத்தில் இருந்தவர்களிடம் அவளைச் சுட்டிக்காட்டினார்.

“நல்லாக் கவனிங்க. இப்படித்தான் அழணும். போன வருஷம் நீங்கள்லாம் சிரிச்சுக்கிட்டே அழுதீங்க, மேலிடத்துல கேள்வி கேட்டாங்க. இந்த அம்மாவைப் பாருங்க, வீட்டுக்காரர்மேல எவ்வளவு பாசம். அவரு பத்திரமா இருக்காருன்னு தெரிஞ்சும் இப்படி அழறாங்கன்னா, அதுதான் ஆயத்தம்.”

ஆணையர் நகர்ந்ததும் மெக்கானிக் அவள் பக்கத்தில் குந்தினார்.

“நீங்க ஏங்க இங்க வந்தீங்க? உங்களைத் தேடி முடிச்சாத்தானே அவனைத் தேடுவாங்க?”

“படகு கிளம்பலை.”

“ஏன்?”

“நான் காணோமாம்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நாய் நக்கினதே தேவலை என்று தோன்றியது. “எல்லாரும் சாப்பிடப் போறாங்க,” என்றாள் தாழ்ந்த குரலில். “துறையில யாரும் இருக்க மாட்டாங்க. இல்லாத ஆள் போய் என்ன பண்ணினாலும் யார் கேக்கப்போறா?”

நிலையம் எந்தப் பேரிடருக்கும் மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்ததில்லை. படகோட்டியைத் தவிர துறை காலியானதும் மெக்கானிக் படகில் இறங்கினார். பெரிய வித்தை ஒன்றும் தேவைப்படவில்லை. ஒத்திகைக்காகப் படகு முழுவதற்கும் மஞ்சள் வண்ணம் அடித்திருந்தார்கள். அடித்தவர்கள் எதையும் விட்டுவைக்கவில்லை. எண்ணெய்த் தொட்டி மூடியில் காற்றுப் போவதற்கு இருந்த சின்னத் துளையையும் சேர்த்து அடைத்துவிட்டிருந்தார்கள்; காற்றில்லாமல் எண்ணெய் இன்ஜினுக்கு இறங்கவில்லை. மனைவி கூடாரத்திலிருந்து வந்து தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றித் தந்தாள். துளையைக் குத்திவிட்டதும் படகோட்டி கயிற்றை இழுத்தான். இன்ஜின் கிளம்பியது. சத்தம் கேட்டு, கையில் சோற்றோடு அதிகாரிகள் ஜன்னலுக்கு வந்து கைதட்டினார்கள்.

மெக்கானிக் படகுக்குள் தரையோடு படுத்துக்கொண்டார். படகு நகர்ந்தது.

“அண்ணே, இப்ப ஒரு சந்தேகம்,” என்றான் படகோட்டி. “உப்புக் கிடங்குக்குத்தானே போகணும்? அங்க போனா நீங்க அங்க இல்லையே.”

“இல்லை.”

“அப்ப நீங்க நிஜமாவே காணோம்.”

“ஆமா.”

“நிஜமா காணோம்னா எங்க வேணா தேடலாம் இல்லே?”

மெக்கானிக் எழுந்து உட்கார்ந்தார். படகோட்டியை அதுவரை அவர் முட்டாள் என்று நினைத்திருந்தார். “மிதவைப் பக்கம் திருப்புடா,” என்றார்.

நண்டின் படகு கடைசி மிதவைக்கு அப்பால் அசையாமல் நின்றது. கூண்டுக் கயிறு எதிலோ சிக்கி அதைப் பிடித்து வைத்திருந்தது. அவன் பலகைமேல் குப்புறக் கிடந்தான். கூப்பிட்டார்கள், கை மட்டும் கொஞ்சம் அசைந்தது. படகோட்டி மிதவையருகில் இன்ஜினை நிறுத்தினான். அதற்குமேல் போனால் அவனுக்கு வேலை போகும், படகும் போகும். மெக்கானிக் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்தார். நீந்திப் போய், நண்டைத் தண்ணீரில் இறக்கி, கழுத்தைக் கையில் தாங்கியபடி திரும்பினார். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். நண்டுக்குக் காது கேட்டிருக்க வாய்ப்பில்லை. கண் செருகியிருந்தது. உதடு வெடித்து, முதுகுத் தோல் வெந்து கொப்பளித்திருந்தது.

கரைக்கு வந்தபோது ஆம்புலன்ஸ் விளக்குச் சுழல நின்றிருந்தது. காணாமல் போனவர் கிடைத்ததும் ஏற்றிக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புவது ஒத்திகையின் கடைசிக் காட்சி. மெக்கானிக் நண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக அதை நோக்கி நடந்தார்.

“நில்லு,” என்றார் ஆணையர்.

காவலர் கோபுரத்திலிருந்து இறங்கி வந்து விறைப்பாக நின்றார். அவர் முகம் நன்றாகவே இல்லை. “ஐயா, பார்த்ததைச் சொல்லித்தான் ஆகணும். மிதவைக்கு அந்தப் பக்கத்திலேருந்து ரெண்டு பேர் நீந்தி வந்தாங்க.”

“ரெண்டு பேர்,” என்றார் துணை ஆணையர்.

ஆணையர் குடையை மடக்கச் சொன்னார். விஷயம் அவ்வளவு பெரியது. “நாம தேடினது ஒருத்தரை. கிடைச்சிருக்கிறது ரெண்டு பேர். கணக்கு என்ன சொல்லுது? ஒருத்தர் நம்ம ஆள். இன்னொருத்தர் அனுமதி இல்லாம வந்த வெளியாள்.”

“ஐயா, என்னை உங்களுக்குத் தெரியாதா? போன வாரம் உங்க வீட்டு மோட்டாரைச் சரிபண்ணினேன்.”

“அது என் வீடு. இது என் அலுவலகம். வீட்டுல தெரிஞ்சதையெல்லாம் அலுவலகத்துக்குக் கொண்டு வர்றவன் இல்லை நான்.”

“இவன் என் மச்சினன். நண்டு. ஊருக்கே தெரியும்.”

“உங்க மச்சினன் காணாமல் போனதா இந்த நிலையம் எப்பவாவது சொல்லிச்சா? காணாமலே போகாத ஒருத்தர் எப்படிப்பா கிடைக்க முடியும்?”

“சரி, வெளியாளை என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டாள் மனைவி. போர்வையை இன்னும் அவள் தோளிலிருந்து எடுக்கவில்லை; எடுக்க யாரும் சொல்லவில்லை.

“ஒண்ணும் பண்ண மாட்டோம்மா. பின்னால இருக்கிற அறையில வெச்சிருப்போம். அந்த நாட்டுக்காரங்களைக் கேப்போம், இவர் உங்க ஆளான்னு. இல்லைன்னு அவங்க சொன்னதும் விட்டுடுவோம்.”

“எப்ப சொல்லுவாங்க?”

“அவங்க இதுவரைக்கும் எதுக்கும் பதில் சொன்னதில்லை,” என்றார் ஆணையர், பக்கத்து வீட்டுக்காரனின் குணத்தைச் சொல்வதுபோல.

பின்னாலிருந்த அறை எல்லோருக்கும் தெரியும். தகரக் கூரை, ஒரு கதவு, ஜன்னல் கிடையாது. நண்டை மணலில் கிடத்தியிருந்தார்கள். தலைமையாசிரியை இறந்திருந்ததையும் மறந்து எழுந்து வந்து அவன் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் கடைவாயில் வழிந்தது.

“அம்மா, நீங்க குடும்பத்தார். நீங்கதான் சொல்லணும்,” என்றார் ஆணையர். “இந்த ரெண்டு பேர்ல உங்க வீட்டுக்காரர் யார்?”

மளிகைக்கடைக்காரர் இரண்டு காலும் ஆகாது என்பதை மறந்து டிரம்மைவிட்டு எழுந்து, மறுபடி விழுந்தார். மனைவி மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கட்டைவிரல் நகத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் வண்ணத்தைச் சுரண்டிக்கொண்டு, ஆம்புலன்ஸின் திறந்த கதவைப் பார்த்தபடி நின்றார். அதில் ஒருவர் படுக்கத்தான் இடம் இருந்தது.

“இவர்தான்,” என்றாள், குனிந்து தம்பியின் தலையைத் தொட்டு.

பிறந்ததிலிருந்து ‘டேய்’ என்று மட்டுமே அழைத்தவனை அவள் ‘இவர்’ என்று சொல்லி மெக்கானிக் கேட்டதில்லை. சிரிப்பு வரும்போலிருந்தது. வரவில்லை.

“அக்கா,” என்றான் நண்டு, கண்ணைத் திறக்காமலே.

“அதிர்ச்சியில உறவுமுறையெல்லாம் குழம்பும்,” என்று துணை ஆணையர் கூட்டத்துக்கு விளக்கினார்.

நண்டை ஏற்றினார்கள். மனைவியும் ஏறினாள். கதவை மூடுவதற்கு முன்னால் வெளியே எட்டி, “பொட்டலம் கிடங்குலயா இருக்கு? சாப்பிடவே இல்லையா நீங்க?” என்று கேட்டாள். வெளியாளிடம் பேசக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். வண்டி புறப்பட்டது. புழுதி அடங்குமுன் ஆணையர் மைக்கைப் பிடித்தார். தேடிய ஆள் இந்த வருடமும் கிடைத்துவிட்டார். அதுமட்டுமல்ல, தேடாத ஒருவரையும் நிலையம் பிடித்திருக்கிறது. ஒரே முயற்சியில் பேரிடரையும் எல்லையையும் காத்த நிலையம் நாட்டிலேயே இது ஒன்றுதான். கைதட்டினார்கள். மெக்கானிக்கும் பழக்கதோஷத்தில் தட்டப் போனார். காவலர் ஒரு கையைப் பிடித்திருந்தார்.

அறைக்குப் போகும் வழியில் காவலர் வாய் ஓயாமல் பேசினார். “என்மேல கோபப்படாதீங்கண்ணே. தொலைநோக்கியில பார்த்துட்டேன். பார்த்துட்டா சொல்லித்தானே ஆகணும். வெந்நீர் வேணும்னா சொல்லுங்க. நீங்க சரிபண்ணிக் கொடுத்த அடுப்புதான், நல்லாவே எரியுது.”

“பையன் பிழைச்சுட்டானான்னு மட்டும் கேட்டுச் சொல்லு.”

“யாருண்ணே? உங்க மச்சினனா?” காவலர் தயங்கினார். “கேட்டுச் சொல்றேன். ஆனா உங்க பேரைச் சொல்லித்தான் கேக்க முடியும்.”

மெக்கானிக் உள்ளே போனார். சூடு முகத்தில் அறைந்தது. கட்டில், மண்பானை எதுவுமில்லை. மூலையில் போன வருட ஒத்திகைக்குச் செய்த அட்டை அலை ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கதவு முக்கி முனகிச் சாத்திக்கொண்டது. வெளியே சாவி நுழைந்தது, உரசியது, சிக்கியது. காவலர் இழுத்தார், குலுக்கினார், பூட்டைக் கையால் தட்டினார்.

“அண்ணே,” என்றார் கதவுக்கு வெளியிலிருந்து, சங்கடமாக. “இதுவரைக்கும் யாரையும் உள்ள வெச்சதில்லை. துருப்பிடிச்சுப் போச்சு. பூட்ட மாட்டேங்குது.”

மெக்கானிக் கதவில் கை வைத்தார். துறைப் பக்கம் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. பூட்டாத கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகலாம். போனால் கணக்கில் மெக்கானிக்குகள் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். ஆம்புலன்ஸில் போகிறவன் யார் என்று மறுபடி கேட்பார்கள், வண்டியைத் திருப்புவார்கள்.

“சாவியை முழுசா உள்ள விடாதே,” என்றார். “நூல் அளவு வெளியே இழு. கதவைத் தோளால அழுத்திக்கோ. இப்ப வலதுபக்கம் திருப்பு.”

பூட்டு விழுந்தது.